இரண்டு முறை விற்ற குடைகள்

தூத்துக்குடிப் பக்கம் வெள்ளந்திபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட வந்தவருக்கு அந்த ஊர்க்காரர்களே வழி சொன்னதால் அவர் இன்னும் வந்து சேரவில்லை.

அங்கே குடை செய்வோர் சங்கம் ஒன்று உண்டு. தலைவர் மாசானமுத்து, செயலாளர் சுடலைக்கண்ணு, பொருளாளர் பேச்சியப்பன். உறுப்பினர் என்று யாரும் கிடையாது. பதவி கொடுத்தது போக ஆள் மிஞ்சவில்லை. ஆனால் குடை நன்றாகச் செய்வார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் வந்து சேரும்.

அந்த வருஷம் செய்த குடையெல்லாம் மாசானமுத்து வீட்டில் சரக்கு போட்டு வைக்கும் கிட்டங்கியில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது. வாங்க ஆளில்லை. செவ்வாய்ச் சந்தைக்கு சிக்கந்தர் பாய் சீனக் குடை கொண்டுவந்திருந்தார். பொத்தானை அமுக்கினால் படக்கென்று விரியும், விலையும் பாதி. முதல் தடவை அது விரிந்தபோது பயந்து ஓடிய பேச்சியப்பனை பஸ் ஸ்டாண்டில் போய்த்தான் கூட்டி வந்தார்கள்.

மாசானமுத்துவின் மனைவி தங்கபுஷ்பம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த மழைக்காலத்துக்குள்ள குடை விக்கலன்னா, அம்புட்டையும் தூக்கி வெளிய போட்டுட்டு கிட்டங்கில ஆடு கட்டிருவேன். எட்டயபுரம் சந்தையில ஆட்டுக்கு அச்சாரம் கொடுத்தாச்சு. பெறவு குடைத் தொழில மறந்துருங்க."

குடை செய்வதைத் தவிர மாசானமுத்துவுக்கு வேறெதுவும் தெரியாது. அது ஒன்று தெரிந்ததிலேயே ஊருக்கு ஆச்சரியம்.

மூவரும் கிளம்பி, தூத்துக்குடியில் சுங்க வழக்குகள் பார்க்கும் வக்கீல் ரொசாரியோவிடம் போனார்கள். அவர் கோர்ட்டுக்குப் போகிற அவசரத்தில் நின்றுகொண்டே பேசினார்.

"நீங்க நெனச்ச மாதிரி சீனச் சரக்கைத் தடுக்க முடியாதுப்பா. உலக நாடெல்லாம் கூடி வியாபாரத்துக்கு விதி போட்டு வச்சிருக்கு. ஒருத்தருக்குக் காட்டுன சலுகைய எல்லாருக்கும் காட்டணும். வரி கட்டி உள்ள வந்துட்டா, வெளிச்சரக்கையும் நம்ம சரக்கு மாதிரியே நடத்தணும். நமக்கு நஷ்டம்னா, எதிர்த்தரப்பு கூட உக்காந்து முதல்ல பேசணும்."

"சீனா மட்டும் எப்படி சார் இவ்வளவு முன்னுக்கு வந்துச்சு?" என்றார் சுடலைக்கண்ணு.

"அவங்களும் இந்த விதிக்குள்ள வந்து சேந்தவங்கதான். விதிய வரி வரியாப் படிச்சாங்க. நாங்க இன்னும் வளந்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லி, கிடைக்கிற சலுகையெல்லாம் கேட்டு வாங்குனாங்க. செஞ்ச சரக்க வெளிநாட்டுக்கு அனுப்புனாங்க. அரசாங்கமே முட்டுக் கொடுக்குது, இது விதிக்குப் பொருந்தாதுன்னு மத்த நாடுக வழக்குப் போடுது. அவங்களும் பதிலுக்குப் போடுறாங்க. அது பாட்டுக்கு நடக்குது. நீங்க விதிப்படி நடங்க, வெளியூருக்கு வித்துப் பாருங்க. எனக்கு நேரமாச்சு."

"விதிப்படி நடக்கணும், வெளியூருக்கு விக்கணும்" என்று மூவரும் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

விதி பஸ்ஸிலேயே ஆரம்பித்தது. மாசானமுத்து நல்ல மனுஷன். ஒரு பெரியவர் நிற்பதைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தார். சுடலைக்கண்ணு முகம் மாறியது.

"அண்ணாச்சி, ஒருத்தருக்குக் காட்டுன சலுகைய எல்லாருக்கும் காட்டணும்லா?"

அப்புறம் பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவரையும் எழுப்பி அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்காரவைத்தார்கள். ஏற்கெனவே வசதியாக உட்கார்ந்திருந்தவர்களையும் விடவில்லை. டிரைவரையும் கேட்டார்கள். அவர் வண்டியை நிறுத்தி, வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போனார். அவரும் வெள்ளந்திபுரம்தான்.

அடுத்த நாள் எதிர்த்தரப்புடன் பேச்சுவார்த்தை. எதிர்த்தரப்பு யார் என்று கொஞ்சம் விவாதம் நடந்தது.

"சிக்கந்தர் பாய் நம்ம பக்கத்து ஊரு. அவரு எதிர்த்தரப்பு இல்ல" என்றார் பேச்சியப்பன். "சீனாவுல இருந்து வந்தது குடைதான்."

நியாயமாகப் பட்டது. ஒரு சீனக் குடையை நாற்காலியில் உட்காரவைத்து முன்னால் டீ வைத்தார்கள். மாசானமுத்து தன் கஷ்டத்தை எல்லாம் சொன்னார். ஆடு விஷயத்தைச் சொல்லும்போது குடையைப் பார்த்துக் கும்பிட்டார். பேச்சியப்பன் ஆறுதலாக அந்த நாற்காலியில் கை ஊன்றப் போய், குடையின் பொத்தானில் ஊன்றிவிட்டார். அது படக்கென்று விரிந்து டீயைக் கொட்டியது.

"கோவப்படுது. இத்தோட நிறுத்திக்கிடுவோம்" என்றார் சுடலைக்கண்ணு.

மிச்சம் இருந்தது, வெளிச்சரக்கை நம் சரக்கு மாதிரி நடத்துவது. இதைச் சுடலைக்கண்ணு சாப்பிடாமல்கூட யோசித்தார்.

"அண்ணாச்சி, நம்ம குடைய நாம எப்படி நடத்துதோம்?"

"கிட்டங்கில அடுக்கி வச்சிருக்கோம்."

"விக்குதா?"

"இல்ல."

"அப்போ சீனக் குடையும் கிட்டங்கில விக்காமத்தான கெடக்கணும்? அது மட்டும் சந்தையில வித்துக்கிட்டு இருந்தா என்ன சமம்?"

மாசானமுத்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சங்க ஆண்டுவிழாவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடி, சிக்கந்தர் பாயிடம் இருந்த சீனக் குடை அத்தனையையும் வாங்கிக் கிட்டங்கியில் அடுக்கினார்கள்.

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "நெசமாத்தான் சொல்லுதியளா அண்ணாச்சி? எல்லாமேவா?"

"அதான் விதி, பாய். உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

பாய் கண் கலங்கி, அடுத்த வாரம் இன்னொரு வண்டிச் சரக்கு கொண்டுவந்தார். அதையும் சமமாக நடத்தினார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சந்தையில் ஒரு குடைகூட இல்லாததால் ஊரே மாசானமுத்து வீட்டு வாசலில் வந்து நின்றது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மன்னிக்கணும். இது ஏற்றுமதிச் சரக்கு. வெளியூர்க்காரங்களுக்கு மட்டும்தான்" என்றார் மாசானமுத்து. சொல்லும்போது அவருக்கே அழுகை வந்தது. காலி பண்ண வேண்டிய கிட்டங்கி, வாங்க வந்த ஊர், நடுவில் விதி.

பேச்சியப்பன்தான் வழி கண்டுபிடித்தார். "ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்னா அவங்க வெளியூருதான?"

கூட்டம் நனைந்துகொண்டே எல்லைக்குப் போனது. சங்கத்தார் நனைந்துகொண்டே குடைகளைச் சுமந்தார்கள். ஏற்றுமதிச் சரக்கைப் பிரித்துப் பிடிப்பது மரியாதை இல்லையே. சீனக் குடையையும் நம் குடை மாதிரி நடத்த வேண்டியிருந்ததால் அதுவும் போனது. மாலைக்குள் ஒரு குடைகூட மிச்சமில்லை. மாசானமுத்து எல்லைக் கல்லில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாயிற்று. பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

வாங்கியவர்கள் குடையை விரித்து, வீட்டுக்குத் திரும்பக் கல்லைத் தாண்டினார்கள்.

"நில்லுங்க" என்றார் சுடலைக்கண்ணு. "அண்ணாச்சி, இந்தக் குடையெல்லாம் இப்போ வெளியூர்ல இருந்து உள்ள வருது."

மாசானமுத்துவின் சிரிப்பு நின்றது. "இறக்குமதியா?"

"இறக்குமதிதான். நம்ம சரக்கு மாதிரி நடத்தணும்."

விற்ற பணம் கையில் இருந்தது வசதியாகப் போயிற்று. கொடுத்த விலைக்கு மேல் கொஞ்சம் போட்டு, அத்தனை குடையையும் திரும்ப வாங்கினார்கள். ஜனங்களும் மறுக்கவில்லை. நனைந்து போனாலும் லாபம் லாபம்தானே. மறுபடி கிட்டங்கி கூரை முட்ட நிறைந்தது. மூவரும் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

அப்போது தங்கபுஷ்பம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"குடை வித்துச்சா?"

"எல்லாம் வித்தாச்சு புஷ்பம். ஒண்ணு பாக்கி இல்ல."

"அப்போ உள்ள என்ன இருக்கு?"

"குடை."

அவள் கதவைத் திறந்து, குடைக் கட்டுகளை ஓரமாக எட்டித் தள்ளி, ஆடுகளை உள்ளே விட்டு, தானும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே மூவரும் யோசித்தார்கள்.

"ஆடு எந்த ஊரு?" என்றார் சுடலைக்கண்ணு.

"எட்டயபுரம்."

"வெளியூரு. நாம உள்ளூரு. நாம நனையுதோம், அது நனையல. இது எந்த விதியில வரும்?"

மூவரும் ஏணியைச் சாத்தி ஏறி, ஒன்றும் விடாமல் கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். மழை சமமாக உள்ளே இறங்கியது.

தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் கிடந்த குடைக் கட்டைப் பிரித்து ஆளுயரக் குடை ஒன்றை எடுத்து விரித்தாள். ஆடுகள் அவள் காலடியில் வந்து ஒண்டின.

மாசானமுத்து கூரைச் சட்டங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். மழை அவர் மூக்கு நுனியில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏட்டி புஷ்பம், அத மடக்கி வை. குடை நனைஞ்சிரப் போவுது."