சண்டை போடக் கத்துக்கிட்டவ

ஒரு ஊர்ல ஒரு தண்ணிக் குழாய் இருந்துச்சாம். தெலுங்கு ஊரு, ரயில்காரங்க குவார்ட்டர்ஸ். அங்க கல்யாணமாகிப் போனவ செங்கமலம், திருவாரூர்ப் பொண்ணு. தெலுங்குல ஒரு வார்த்தை தெரியாது. நீ "ம்" சொன்னாதான் குழாய்ல தண்ணி வரும்.

ம்.

காலையில கொஞ்ச நேரந்தான் தண்ணி. எல்லாரும் குடத்தை வரிசையா வைப்பாங்க. இவ குடத்தை மட்டும் யாராவது காலால தள்ளிடுவாங்க. டொங், டொங்னு உருண்டு கடைசிக்குப் போயிடும். இவ முறை வர்றதுக்குள்ள புஸ்ஸுனு காத்துதான் வரும். வெறுங்குடத்தோட திரும்பி வந்து அழுவா.

அப்போ பக்கத்து வீட்டு சுப்பம்மா கூப்பிட்டு, "நா பிந்தெ முந்து"ன்னு சொல்லிக் குடுத்தாளாம். 'என் குடந்தான் முதல்ல'ன்னு அர்த்தம். மறுநாள் இவளும் சொன்னா, ஆனா கோயில்ல பிரசாதம் கேக்கற குரல்ல. எல்லாரும் சிரிச்சாங்க. டொங்.

அப்புறம் சுப்பம்மா ஒரு ஏற்பாடு பண்ணா. தினம் சாயங்காலம் கொல்லையில ரெண்டு பேரும் தெலுங்குல சண்டை போடணும். சுப்பம்மா குடத்தைத் தள்ளுவா, இவ கத்தணும். முதல்ல இவளுக்கு அழுகை வந்துச்சு, அப்புறம் சிரிப்பு வந்துச்சு. தெலுங்கு தீர்ந்துபோனா தமிழ்ல திட்டிடுவா. ஒரு நாள் சவரம் பண்ணிட்டிருந்த புருஷன் பாதி மூஞ்சி நுரையோட விலக்கிவிட ஓடி வந்தான்.

"தள்ளிப் போங்க, பாடம் நடக்குது"ன்னா செங்கமலம்.

கொஞ்ச நாள் கழிச்சு குழாயடியில மறுபடியும் இவ குடம் உருண்டுச்சு. இவ இடுப்புல கைய வச்சு ஒரு குரல் குடுத்தா பாரு, மரத்துக் காக்காயெல்லாம் படபடன்னு பறந்துச்சு. தள்ளினவளே குடத்தை எடுத்தாந்து முன்னால வச்சா. குடகுடன்னு தண்ணி. வரிசைக் கடைசியில சுப்பம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு செங்கமலம் புருஷனுக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துச்சு. சுப்பம்மா ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தா. ரயில் கூன்னு கூவுச்சு. அப்போ சுப்பம்மா, மூட்டைக்கு மேல இருந்த அந்த நெளிஞ்ச குடத்தை ஒரு தள்ளு தள்ளினா. டொங். இடுப்புல கைய வச்சுக்கிட்டு, தமிழ்ல, "என் குடந்தான் முதல்ல"ன்னா.

கொல்லையில வாங்கின திட்டுலயே தமிழ் கத்துக்கிட்டிருக்கா.

செங்கமலத்துக்குக் கத்த வரல. அந்தப் பழைய கோயில் குரல்ல, தெலுங்குல, "உன் குடமே முதல்ல இருக்கட்டும், அக்கா"ன்னாளாம்.

ரயில் போயிடுச்சு, குடம் நிறைஞ்சுடுச்சு, குழாயும் நின்னுடுச்சு. கண்ணை மூடு, தங்கம்.