ஓணான் விற்ற அமைதி நகர்

யானைகள் தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் வீடு இருந்தால் என்ன ஆகும்? பூவாத்தா என்ற வெள்ளெலிக்கு ஆனதுதான் ஆகும். யானைக் கூட்டம் போகும்போதெல்லாம் அவளுடைய வளையின் கூரை பொலபொலவென்று உதிர்ந்தது. அவளும் அவள் கணவன் கருப்பணனும் மண்ணை வெளியே தள்ளி மறுபடி சரிசெய்வார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நான்கு தடவை இப்படி நடந்தது.

இப்போது பூவாத்தா நிறைமாதமாக இருந்தாள். மழைக்காலமும் நெருங்கிவிட்டது. கண் திறக்காத குட்டிகள்மேல் கூரை விழுந்தால் என்ன செய்வது? அந்த நினைப்பில் அவளுக்குத் தின்ற புல்விதைகூடச் செரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காடு முழுக்க அமைதி நகர் பற்றிய பேச்சு கிளம்பியது. காட்டை ஒட்டி வேலிக்கு அந்தப் பக்கம் புதுக் குடியிருப்பு வருகிறதாம். தோண்டி முடித்த வளைகள் வரிசையாகத் தயாராக இருக்கின்றனவாம். விற்கிறவர் செதிலப்பன் என்ற ஓணான் தரகர். வளை வாங்குகிற குடும்பம் தினமும் காலையில் ஒரு பிடி ஈசலோ எறும்போ பிடித்து வேலியடியில் வைத்தால் போதும். ஆயுசு முழுக்க வைக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

செதிலப்பனுக்கு ஒரு பழக்கம். யார் என்ன கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுவார். பக்கத்தில் நல்ல புல் கிடைக்குமா என்று முயலம்மா கேட்டாள். தலையாட்டினார். புல்லே இல்லாத இடம்தான் எனக்கு வேண்டும் என்றார் பெருச்சாளி. அதற்கும் ஆட்டினார். கேட்டவர்கள் எல்லாம் மனம் குளிர்ந்து வீடு திரும்பினார்கள்.

முயலம்மா, பெருச்சாளி எல்லாரோடும் சேர்ந்து பூவாத்தாவும் கருப்பணனும் இடம் பார்க்கப் போனார்கள். தட்டையான, மெத்தென்ற மண். ஒரு குருவிச் சத்தம் இல்லை. யானைச் சத்தத்திலேயே காலம் தள்ளிய கருப்பணன் அங்கேயே சொக்கிப் போனான்.

பூவாத்தா அவ்வளவு சீக்கிரம் சொக்குகிறவள் இல்லை. இங்கே ஏற்கெனவே குடியிருக்கிறவர்கள் யாராவது உண்டா, ஒரு வார்த்தை கேட்கலாமா என்றாள். நல்ல நல்ல குடும்பங்கள் இனிமேல்தான் வரப்போகின்றன என்றார் தரகர்.

“அப்போ இந்த இடத்தைப் பத்தி நான் யாரைத்தானுங்க கேக்கறது?”

“இந்த வேலியைக் கேளுங்க. எனக்கும் அதுக்கும் எத்தனையோ வருஷப் பழக்கம்” என்றார் செதிலப்பன்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஓணானுக்கு வேலி சாட்சியாகிவிட்டது.

வெள்ளெலிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. குடிபோகும் முன் வளையின் தரையைத் தங்கள் கையால் ஒரு சாண் தோண்டி மண்ணை முகர்ந்து பார்ப்பார்கள். பூவாத்தா வளைக்குள் இறங்கித் தோண்ட ஆரம்பித்தாள். அதுவரை ஆடிக்கொண்டிருந்த தரகரின் தலை சட்டென்று நின்றது.

“அங்கே கை வைக்காதீங்க! அது ஈசானி மூலை.”

பூவாத்தா சுற்றிலும் பார்த்தாள். “வட்டமான வளைக்கு ஏதுங்க மூலை?” என்று கேட்டுவிட்டு வேகமாகத் தோண்டினாள். தரகர் முணுமுணுத்தபடி முயலம்மாவிடம் பேச வெளியே போய்விட்டார்.

ஒரு சாண் ஆழத்தில் குளிர்ச்சியாக எதுவோ தட்டுப்பட்டது. உடம்பெல்லாம் மண் அப்பிய ஒரு கிழட்டுத் தவளை! அது ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

“மழை வந்துட்டுதா?”

“இன்னும் இல்லீங்க. நீங்க இங்கே என்ன பண்றீங்க?”

“என் வீட்ல நான் தூங்கறேன். நீ என்ன பண்றே?”

பூவாத்தா விஷயத்தைச் சொன்னாள். தவளை கொட்டாவி விட்டுக்கொண்டே விளக்கியது. இது ஒரு குட்டை. நல்ல மழை ஒன்று பெய்தால் போதும், நிரம்பிவிடும். கோடை முழுவதும் தவளைகள் எல்லாம் சேற்றுக்கு அடியில் தூங்கும். நூற்றுக்கணக்கானவர்கள் இங்கே குடியிருக்கிறார்கள். அத்தனை பேரும் தூங்குவதால்தான் இந்த அமைதி.

தண்ணீர் ஏறாத இடம் பக்கத்தில் உண்டா என்று பூவாத்தா கேட்டாள். அதோ அந்தப் பனைமரத்து மேடு எந்த வெள்ளத்திலும் முழுகியதில்லை என்று சொல்லிவிட்டுத் தவளை கண்ணை மூடிக்கொண்டது.

பூவாத்தா நினைத்துப் பார்த்தாள். குட்டிகளோடு இந்த வளையில் படுத்திருந்தால்! வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றான் கூடவே இறங்கி வந்திருந்த கருப்பணன்.

“நாம தப்பிச்சாப் போதுமாங்க? முயலம்மாவுக்கும் குட்டிங்க இருக்குதே” என்றாள் அவள்.

வெளியே வந்தபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பனைமரத்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. மழை இன்றைக்கே வரப்போகிறது!

அவள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, தரகரிடம் பணிவாகக் கேட்டாள். இது தண்ணீர் ஏறாத வளைதானே? செதிலப்பன் தலையாட்டினார். மழைக்கும் கதகதப்பாக இருக்கும் அல்லவா? ஆட்டினார்.

“அப்படீன்னா முதல் மழை பேஞ்சு முடியற வரைக்கும் நீங்களே உள்ளே இருந்து காட்டுங்க. அப்புறம் நாங்க எல்லாருமே வாங்கிக்கறோம். சரிதானுங்களே?”

பழக்க தோஷம்! செதிலப்பன் அதற்கும் தலையாட்டிவிட்டார்.

ஆட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. மாட்டேன் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். அண்ணாந்து பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. இன்றைக்கு எங்கே மழை வரப்போகிறது, சற்று நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடலாம் என்று வளைக்குள் போனார். மற்றவர்களைப் பூவாத்தா பனைமரத்து மேட்டுக்கு அழைத்துப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் மேற்கே கருத்தது. பிறகு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வரிசையாக இருந்த வளைகள் குபுகுபுவென்று நிரம்பின. மண்ணுக்கடியில் இருந்த நூற்றுக்கணக்கான தவளைகளும் விழித்துக்கொண்டு ஒரே குரலில் கத்தின. அமைதி நகரில் அன்றைக்குக் காது கிழிந்தது!

சேறும் சகதியுமாகச் செதிலப்பன் வெளியே பாய்ந்து வந்தார். அவர் முதுகில் ஒரு குட்டித் தவளை உட்கார்ந்திருந்தது. தட்டுத்தடுமாறி வேலியில் ஏறித் தொற்றிக்கொண்டார்.

“வளை கதகதப்பா இருந்துதுங்களா?” என்று கேட்டாள் பூவாத்தா.

தரகர் வாழ்க்கையில் முதல் தடவையாக இல்லை என்று தலையசைத்தார். மேட்டில் இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதன் பிறகு அந்த வேலியடியில் யாரும் ஒரு எறும்பைக்கூட வைக்கவில்லை.

மழை விட்டதும் எல்லாரும் சேர்ந்து மேட்டில் வளை தோண்டினார்கள். முதல் வளையைப் பூவாத்தாவுக்குக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவள் ஐந்து குட்டிகள் போட்டாள். கீழே தவளைகள் ஓயாமல் கத்தின. ஆனால் கூரையிலிருந்து ஒரு துகள் மண் விழவில்லை. கருப்பணன் காதைப் பொத்திக்கொண்டு தூங்கினான். பூவாத்தா அந்தச் சத்தத்தைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டே குட்டிகளுக்குப் பால் கொடுத்தாள்.

விற்கிறவன் தலையாட்டுவதை நம்பி வீடு வாங்காதே. அங்கே குடியிருக்கிறவனைக் கேட்டு வாங்கு.