விக்கிக்கொண்ட மெசேஜ்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள். பெருந்துறை ஐஸ்கிரீம் கிடங்கில் குளிர் அறையின் கம்ப்ரசர் காலையிலேயே கண்ணை மூடிவிட்டது. உள்ளே கல்யாண ஐஸ்கிரீம். சாயங்காலம் கோபியில் ரிசப்ஷன். கிடங்குப் பொறுப்பாளர் பிலோமினா ஃப்ரீசர் லாரி கேட்டுக் கம்ப்யூட்டரில் அனுப்பிய மெசேஜோ, லாரி கம்பெனிக்குப் போய்ச் சேராமல் திரையில் மஞ்சள் புள்ளியாக முழித்துக்கொண்டிருந்தது. போன் போட்டுக் கெஞ்சினாள். "கம்ப்யூட்டர்ல வந்தாத்தானுங்க வண்டி" என்று வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் தலைமை அலுவலகம் அனுப்பிய நிபுணர் ஏகாம்பரம் வந்தார். 'மறுபடி அனுப்பு' பட்டனில் ஒரு தட்டு. மஞ்சள் அசையவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இதெல்லாம் ஒரு சிக்கலாம்மா? அம்பத்தூர்ல ஒரு கம்பெனி. எவனோ மெசேஜ்ல பிப்ரவரி முப்பதுன்னு தேதி போட்டுட்டான். அப்படி ஒரு நாளே கிடையாதுன்னு கம்ப்யூட்டர் உட்கார்ந்துடுச்சு. மெசேஜைத் திருத்தறவன் சாதாரண ஆள். நான் காலண்டரையே திருத்திட்டேன்! அந்த வருஷம் அவங்களுக்கு மட்டும் பிப்ரவரிக்கு முப்பது நாள்." முற்றுப்புள்ளி வைப்பதுபோல் பட்டனில் இன்னொரு தட்டு.

"அன்னிக்குப் பொறந்த குழந்தைக பொறந்தநாளுக்கு என்னங்க பண்ணுதுக?" வாசலிலிருந்து வாட்ச்மேன் சென்னியப்பன் கேட்டார்.

"வருஷா வருஷம் அந்தக் கம்பெனி கேன்டீனுக்கு வந்து கேக் வெட்டுதுங்க."

பிலோமினாவின் காதில் குளிர் அறைக்குள் சொட்டும் சத்தம்தான் விழுந்தது. "சார், பட்டர்ஸ்காட்ச் இளகிருச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குப் பாயசம்னு சொல்லியா ஊத்தறது?"

"பதறாதேம்மா." ஒரு தட்டு. "ஜெர்மனிக்குப் போற மெசேஜ் ஒண்ணு கடலுக்கடியில நின்னுடுச்சு. மெரினாவுல முங்கி கேபிள்ல காதை வச்சேன். உள்ளே விக்கி விக்கி அழுகை. என்னடா கண்ணுன்னேன். 'யார்கிட்ட போகணும்னு யாருமே சொல்லலை மாமா'ன்னுது. விலாசத்தைக் காதுல சொன்னேன். எடுத்துது பாரு ஓட்டம்! இங்க அனுப்பறதுக்கு முந்தின நாளே அங்க போய்ச் சேர்ந்துடுச்சு." சிரிப்போடு ஒரு தட்டு.

"தண்ணிக்குள்ள பேசினா வாய்க்குள்ள தண்ணி போகாதுங்களா?"

"குறுக்கே பேசாதய்யா." கோபத்தில் இரண்டு தட்டு. "ஒரகடத்துல குண்டு மெசேஜ் ஒண்ணு வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது. பின்னாடி லட்சம் மெசேஜ் நெரிசல். குண்டனைப் பிடிச்சு இழுத்தேன். மொத்தக் கூட்டமும் பிச்சுக்கிட்டு ஓடின வேகத்துல மேனேஜரோட விக் பறந்து போய் ஸ்ரீபெரும்புதூர் கிடங்குல விழுந்துது. அவங்களும் பிரிச்சுப் பார்த்து, 'சரக்கு நல்ல நிலையில் கிடைத்தது'ன்னு பதில் மெசேஜ் போட்டாங்க!" சபாஷ் போடுவதுபோல் படபடவென்று தட்டினார்.

மஞ்சள் பச்சையானது.

"பார்த்தியாம்மா?" ஏகாம்பரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பிலோமினா பார்த்தாள். ஒரு பச்சை இல்லை. அவர் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புது மெசேஜ் வரிசையில் நின்று, அடைப்பு விட்டதும் அத்தனையும் ஒன்றாக ஓடியிருந்தன. திரை முழுக்கப் பச்சை, வயல் மாதிரி.

அரை மணியில் ஹார்ன் சத்தம். சென்னியப்பன் வெளியே ஓடி, மெதுவாகத் திரும்பி வந்தார்.

"லாரி வந்துருச்சுங்க மேடம். முதல் வண்டி நம்ம கேட்டுல நிக்குது. கடைசி வண்டி எங்க நிக்குதுன்னு பார்க்க பைக்குல போன கம்ப்ரசர் மெக்கானிக்கு விஜயமங்கலம் டோல்கேட்டைத் தாண்டிட்டாருங்க. இன்னும் கண்ணுல படலையாம். பெட்ரோல் தீர்ந்துருச்சுன்னு போன் பண்றாரு."

"யோவ், புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று ஏகாம்பரம் சீறிக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை.

பிலோமினா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"முதல் வண்டியில ஐஸ்கிரீமை ஏத்துங்கண்ணா. மத்த வண்டியில எல்லாம் சார் சொன்ன கதையை ஏத்துங்க. பத்தலைன்னா சொல்லுங்க, சாரை இன்னொரு தட்டு தட்டச் சொல்லலாம்."