சந்தனம் வைத்த டாங்கிள்

என் மனைவி மரகதத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆயுத பூஜைக்கு மறுநாள். "மேனேஜரு இந்த வருசமும் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாருங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

கணபதி என்னும் பகுதியில் ஒரு பட்டறையில் நான் லேத் ஓட்டினேன், அவள் கூட்டிப் பெருக்கினாள். ஒருமுறை பூஜை விடுமுறை முடிந்து திறந்தபோது, இரும்பு வெட்டும் மெஷினின் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போலச் செருகியிருக்கும் டாங்கிள்தான் அதற்குச் சாவி. மேனேஜர் தண்டபாணி டாங்கிளின் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினார். 'டாங்கிள் இல்லை' என்றே திரை சொன்னது.

"தூசி தட்டறேன்னு நீதான் கெடுத்திருக்கே. சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா நாளைக்கு வராதே," என்றார் மரகதத்திடம்.

அவள் வேலை போனால் மகளின் படிப்பு நின்றுவிடும்.

"சரிங்க சார். பூஜைக்குப் பொட்டு வெச்சது யாருங்க?"

"நான்தான். சந்தனக் கிண்ணத்தை வேற எவனையும் தொட விடமாட்டேன்."

"எதையாச்சும் விட்டுட்டீங்களோ?"

"ஒரு ஸ்க்ரூவைக்கூட விடல. டாங்கிளைக் கழட்டி அதுக்கும் வெச்சேன்!"

"அப்ப நீங்களே ஒருக்கா கழட்டிப் பாருங்க."

கழற்றினார். அதன் இரும்பு வாய்க்குள் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

"நான் தட்டுனது தூசிதானுங்க. எங்க கைக்குச் சந்தனம் யாரு குடுத்தா?"

பட்டறையே சிரித்தது. மரகதம் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். மேனேஜர் குனிந்து சுரண்டினார். மெஷின் ஓடியது.

அந்த டாங்கிள் இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. ஊக்கு என்னிடம் இருக்கிறது.