முதல் அறையைத் தாண்டாத ஆட்டம்

"டீச்சர், மாட்களிலேயே பெரிய மாட் எது?"

ஆவுடையப்பன் இப்படிக் கேட்டபோது, ரமீஜா ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசி எடுத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் என்று பெயரே தவிர, அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்ததில்லை. மேலப்பாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். ஆவுடையப்பனைவிட வயதில் ரொம்பச் சின்னவள். தொண்ணூறுகளில் வந்த துப்பாக்கி கேம்களைப் பிரித்துப் போட்டு, தங்கள் இஷ்டத்துக்கு மாற்றி ஆடுகிற கிறுக்கர்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் பேர் உண்டு. அப்படி மாற்றியதைத்தான் மாட் என்பார்கள். அந்தக் கிறுக்கர்களுக்கெல்லாம் அவள்தான் டீச்சர்.

"எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்களேன், அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு இது போதாதா?

"துப்பாக்கிச் சத்தத்தை எடுத்துட்டுத் தவில் சத்தம் வைக்கான் ஒருத்தன். பேய்க்கு வேட்டி கட்டி விடுதான் இன்னொருத்தன். ஆட்டத்துல ஒரே ஒரு புது இடத்தைக் கட்டிட்டு மீசையை முறுக்குதான் வேறொருத்தன். எல்லாம் சில்லறை வேலை. நான் ஆட்டத்தையே மாத்திட்டேன். துப்பாக்கி கிடையாது, பேய் கிடையாது. சுவர், தரை, வானம், அத்தனையும் என் கை வேலை."

"நல்லாத்தானே இருக்கு."

"என்னத்த நல்லா இருக்கு? தவில்காரனை எல்லாரும் தூக்கி வச்சு ஆடுதாங்க. நான் என் தம்பி ஒருத்தனுக்காகச் செஞ்சேன். அவன் வாயே திறக்கலை."



தம்பி கோமதிநாயகம் மஸ்கட்டில் இருந்தான். அப்பா இறந்தபோது விமானம் கிடைக்காமல், எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தான். "கொள்ளி வைக்க வராதவன் இப்ப எதுக்குல வந்தே?" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் ஆவுடையப்பன் கத்தினார். கொண்டுவந்த பையைப் பிரிக்காமலே அவன் திரும்பிப் போனான். அதிலிருந்து பேச்சு இல்லை.

சின்ன வயதில் இருவரும் ஒரே நாற்காலியில் ஒண்டிக்கொண்டு ஆடிய ஆட்டம் அது. அதை எடுத்து ஆறு மாதம் ராப்பகலாக உழைத்து, தங்கள் பழைய வீட்டையே ஆட்டமாகக் கட்டினார். கடைசி அறைச் சுவரில் பெரிய எழுத்தில், 'மன்னிச்சிருடா' என்று எழுதிவைத்தார். வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை.

அனுப்பினார். 'கிடைத்தது' என்று ஒற்றை வார்த்தை வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

"மன்னிக்க மனசில்லைன்னு புரிஞ்சுபோச்சு டீச்சர். இன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டு, அவனையும் தலை முழுகிரலாம்னு இருக்கேன்."

"அழிக்கதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை ஆடிக்கிடவா?"

மாட் செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஆடும்போது, செய்தவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். வாயை மட்டும் திறக்கக் கூடாது.

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்த பென் டிரைவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார்.

ரமீஜா ஆட்டத்தின் முதல் அறைக்குள் வந்தாள். நாற்காலி, ரேடியோ, நாள்காட்டி, மூலையில் ஒரு கதவு. கதவின் முன் நின்று பட்டனைத் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து திரும்பவும் தட்டினாள்.

"டீச்சர், அது வந்து..."

அவள் திரும்பாமலே விரலை உதட்டில் வைத்தாள்.

அவள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு பெரிய டீச்சருக்கு ஒரு கதவைத் திறக்கத் தெரியவில்லையே என்று ஆவுடையப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கடைசியில் எழுந்து நாற்காலியை அவரிடம் தள்ளினாள்.

"நீங்க போங்க பாப்போம்."

அவர் உட்கார்ந்தார். விரல்கள் தாமாகவே ஏதோ சில எழுத்துகளைத் தட்டின. சுவருக்குள் புகுந்து மறுபக்கம் போய்விட்டார்.

"இப்ப என்ன தட்டினீங்க?"

"சுவரைத் தாண்டுற ரகசிய எழுத்து. வேலை பாக்கையில கதவு கதவா திறந்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"அது இல்லாம போங்க."

அவர் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. ஓங்கித் தட்டினார். சட்டென்று அவருக்கு உறைத்தது. கதவின் படத்தைச் சுவர்மேல் ஒட்டியதோடு சரி. அதைத் திறக்கும்படி செய்யவே இல்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் அந்த வழியாகப் போனதில்லை.

அவசரமாகக் கீபோர்டின் மேல் குனிந்தார்.

"இந்தா, இப்பவே சரி பண்ணி அனுப்பிருதேன்."

ரமீஜா கீபோர்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மேஜைமேல் கிடந்த அவருடைய போனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

அவர் மஸ்கட் எண்ணை அழுத்தினார். தம்பி முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அண்ணே!"

"லேய் கோமதி... அந்த ஆட்டத்தைப் பாத்தியா?"

"தெனமும் பாக்கேன்ணே. வேலை விட்டு வந்ததும் அதுலதான் போயி உக்காருதேன். அப்பா நாற்காலியை அச்சு அசலா செஞ்சிருக்கியே. கதவுதான் திறக்க மாட்டேங்கு."

"சுவரைத் தாண்டுற எழுத்தைத் தட்டிருக்கலாம்லா?"

"அழுகுணி ஆட்டம் ஆடுனா நீ அடிப்பியே."

"அப்ப என்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

"இதுகூடத் தெரியலையான்னு நீ கத்துவியோன்னு பயம். நானே கண்டுபிடிச்சிட்டுப் பேசலாம்னு இருந்தேன்."

ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகை அடங்கவில்லை.

"அண்ணே... கதவுக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கு?"

செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது என்ற வழக்கம் நினைவுக்கு வந்து, அவர் ரமீஜாவைப் பார்த்தார்.

"இப்பப் பேசலாம், அண்ணாச்சி."