பன்னீர் ரோஜாவின் விதை

ராஜாக்கள் நினைத்ததெல்லாம் சட்டமாக இருந்த அந்தக் காலத்தில், தேன்கரை நாட்டைச் செழியவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்.

ஒருநாள் அரண்மனைத் தோட்டத்துப் பன்னீர் ரோஜாவை முகர்ந்துகொண்டே சபைக்கு வந்தார். "இவ்வளவு வாசனையான பூ நம் நாட்டுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார்.

மந்திரி உடையநம்பி வாய் திறப்பதற்குள் கண்டிராயர் எழுந்துவிட்டார். மந்திரி பதவி தனக்குக் கிடைக்கவில்லையே என்று பல வருஷமாகப் பொருமிக்கொண்டிருந்த பிரபு அவர்.

"மகாராஜா! என் பாட்டனார் அரசருக்கென்றே உண்டாக்கிய பூ இது. இன்றைக்குக் கண்டவர் வீட்டு வாசலிலும் பூக்கிறது. தங்களுக்கு அது இழுக்கல்லவா?"

ராஜாவின் முகம் சிவந்தது. "அரண்மனைக்கு வெளியே ஒரு செடி இருக்கக் கூடாது. பிடுங்கி எறியுங்கள்!"

"மந்திரியார் வீட்டிலிருந்தே தொடங்கலாம். அவர் மனைவி வேலி நெடுக வைத்திருக்கிறார்" என்றார் கண்டிராயர்.

உடையநம்பி யோசித்தார். தன் வீட்டு வேலி போனால் போகிறது. பன்னீர் வடித்துப் பிழைக்கிற தெரு ஒன்று இருக்கிறதே, அவர்கள் எங்கே போவார்கள்? இப்போது வேண்டாம் என்றால் ராஜாவுக்குப் பிடிவாதம்தான் கூடும்.

"உத்தரவு மகாராஜா" என்று கைகூப்பினார். "ஆனால் அரண்மனைச் செடிக்கு வயதாகிவிட்டது. அது பட்டுப்போனால் நாட்டில் ஒரு பூகூட இராது. கண்டிராயர் வீட்டில் பாட்டனார் காலத்து விதை இருக்குமே? முதலில் அது இங்கே முளைக்கட்டும். அப்புறம் மற்றதைப் பிடுங்கலாம்."

"நல்ல யோசனை! விதை இருக்கிறதா, கண்டிராயரே?"

"இல்லாமலா! பரம்பரை பரம்பரையாகக் காப்பாற்றி வருகிறோம்."

மறுநாள் வெள்ளிச் செப்பில் விதை வந்தது. உடையநம்பி எட்டிப் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள்ளேயே அடக்கிக்கொண்டார். ராஜாவும் கண்டிராயரும் சமையல்கட்டுப் பக்கம் போனவர்களா என்ன, இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண்டிராயர் தம் கையாலேயே விதைத்தார். ராஜா தினமும் வந்து பார்த்தார். பாத்தி பச்சை கட்டியது, இலை விரிந்தது. ராஜா ஆசையாக ஒன்றைக் கிள்ளி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"ஓய் கண்டிராயரே, வாசனை என்னவோ வருகிறது. ஆனால் ரசத்து வாசனையாக வருகிறதே!"

பாத்தி முழுக்கக் கொத்தமல்லி! சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கண்டிராயர் தலை கவிழ்ந்தார்.

"பன்னீர் ரோஜா நம் ஊர் வெயிலில் விதை கட்டாது, மகாராஜா" என்றார் உடையநம்பி. "கிளையை வெட்டி நட்டால்தான் உண்டு. கடல் தாண்டிக் குதிரை விற்க வந்த கூட்டத்தில் ஒரு பெண் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த குச்சி அது. சத்திரத்துக் கிணற்றடியில் நட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒடித்துக் கொடுத்தாள். அரண்மனைச் செடியும் அப்படி வாங்கி வந்ததுதான். அவள் பெயர்கூட யாருக்கும் தெரியாது."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருப்பேன். அன்றைக்குத் தங்கள் காது கோபத்துக்கு மட்டும்தான் திறந்திருந்தது."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். "ஒரு செடியையும் தொட வேண்டாம். கண்டிராயரே, நாளை முதல் அரண்மனை வாசலில் நில்லும். கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் உம் கையாலேயே கிளை வெட்டிக் கொடும்."

மறுநாள் விடிந்ததும் கண்டிராயர் கத்தியோடு வாசலில் நின்றார். முதல் ஆளாக வந்து நின்றது அவருடைய மனைவி.

"நம் வீட்டில் ஒரு செடிகூடக் கிடையாது" என்றாள் அந்த அம்மாள். "நல்ல கிளையாகப் பார்த்துக் கொடுங்கள்."