கரும்பலகையில் அழித்த எண்

தனிஸ்லாஸுக்கு வயது ஐம்பத்திரண்டு. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். அவருடைய வழிகாட்டி மெஹருன்னிசா அவரைவிட வயதில் மிகவும் சிறியவர். அதனால் என்ன? குரு குருதான்.

நியூட்ரானுக்குள் குவார்க் என்ற நுண்துகள்கள் மூன்று. அதில் ஒன்று இனம் மாறினால் நியூட்ரான் புரோட்டானாகிவிடும். எலெக்ட்ரான் ஒன்றும், எளிதில் பிடிபடாத இன்னொரு துகளும் வெளியே பாயும். பீட்டா சிதைவு என்பது இதுதான். தனியே விட்ட நியூட்ரான் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தான் உருவாக்கிய கணித மாதிரியை வைத்துக் கணக்கிட்டார் தனிஸ்லாஸ். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்துபோன மனிதர்.

விடை வந்தது. ஆய்வகங்கள் அளந்திருந்த ஆயுளைவிடக் குறைவாக வந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய பதிவுக்காலம் முடியவோ ஒரு மாதம்தான் பாக்கி. முகம் தொங்கிப்போய் குருவின் அறைக்கு வந்தார்.

“மேடம், குவார்க்கோட எடையை ஒரு பொட்டு குறைச்சா பொருந்திடும். குறைச்சிடவா?”

“அந்த எடை எங்கேர்ந்து வந்துச்சு சார்?”

“புரோட்டானோட காந்தத்திறன்லேர்ந்து எடுத்தேன்.”

“அதுல தப்பு இருக்கா?”

“இல்ல மேடம். தலைகீழா நின்னு பார்த்துட்டேன்.”

மெஹருன்னிசா எழுந்தார். கரும்பலகையில் இருந்த ஆய்வக அளவை உள்ளங்கையால் அழித்தார்.

“இப்போ எதைப் பார்த்துக் குறைப்பீங்க?”

தனிஸ்லாஸ் எடையில் கை வைக்காமலே ஆய்வேட்டைக் கொடுத்தார். தேர்வாளர்கள் குடைந்தெடுத்து, அளவோடு பொருந்தவில்லை என்று பட்டத்தை நிறுத்திவைத்தார்கள். பாலிடெக்னிக்கில், “டாக்டர் வர்றாரு, எந்திரிங்கப்பா” என்று கிண்டல் வேறு. அது அவருக்கு ரொம்பவே வலித்தது.

அடுத்த ஆண்டு ஓர் ஆய்வகம் புதுக் கருவியால் அளந்தது. பழைய அளவு தவறு. புதிய எண் தனிஸ்லாஸின் விடை மேலேயே வந்து உட்கார்ந்தது.

மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடிவந்தார். வராந்தா முழுக்க அவர் குரல்தான்.

“ஜெயிச்சுட்டோம் மேடம்! பட்டமும் தர்றாங்களாம்!”

மெஹருன்னிசாவுக்கும் கண் கலங்கிவிட்டது. அப்படியொரு சந்தோஷம். சிரித்துக்கொண்டே கேட்டார்.

“உங்க கணக்குல இன்னிக்கு என்ன சார் மாறிச்சு?”

“ஒரு புள்ளிகூட மாறல மேடம்!”

“அப்போ ஜெயிச்சது இன்னிக்கா?”